சுகுமாரி டீச்சரின் தொடைத் தகடு

கனகதாசை எனக்கு ரயிலில்தான் பழக்கம். இருவரும் பாறசாலையில் ஏறித் திருவனந்தபுரத்தில் இறங்குவோம். நான் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அவர் உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருடம் ஒரே பெட்டியில் போய்வந்தோம். இருக்கை காலியாகக் கிடந்தாலும் அவர் கதவோரம் நின்றுதான் வருவார். பகல் முழுக்க ஸ்டூலில் குந்தி நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருப்பவனுக்கு நிற்பதுதான் ஓய்வு என்பார்.

“அங்க ஒமக்கு என்ன வேல?” என்று பழகிய புதிதில் கேட்டேன்.

“முறிக்கிற வேலயாக்கும் சாரே” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையிலேயே அதுதான் வேலை. விரல் நீளத்தில் ஒரு உலோகத் துண்டு. அதை இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்து, இழுத்து விட்டு, இழுத்து விட்டு, வினாடிக்குப் பத்துத் தடவை ஆட்டுவார்கள். அந்த இழுப்பு பெரிதொன்றும் இல்லை. ஒரேயடியாக இழுத்து முறிக்கத் தேவைப்படும் பலத்தில் பாதிகூட இருக்காது. ஆனாலும் லட்சம், இரண்டு லட்சம் தடவைக்குப் பிறகு எங்கோ ஓர் ஓரத்தில் தலைமுடியைவிட மெல்லிய விரிசல் ஒன்று விழும். பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் அது கொஞ்சம் முன்னால் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பதுதான் கனகதாசின் உத்தியோகம்.

அந்தத் துண்டுகள்கூட விசேஷமானவை. நாம் புழங்கும் எந்த உலோகமும் கோடிக்கணக்கான குட்டிப் படிகங்கள் நெருங்கி ஒட்டிய கட்டிதான். அவர்கள் சோதித்ததோ ஒரே படிகமாக வளர்த்தெடுத்த துண்டுகள். அவற்றுக்குள் தடுக்க எந்த எல்லையும் கிடையாது. விரிசல் தனக்குப் பிடித்த சரிவைக் கண்டுபிடித்து, கத்தி வைத்த மாதிரி சாய்வாக இறங்கும். ஒரே மாதிரியான துண்டுகளைக் காற்றை உறிஞ்சி எடுத்த கூட்டுக்குள் ஒன்று, வெறும் காற்றில் ஒன்று, உப்புத் தண்ணீரில் ஒன்று என்று வைத்து முறிப்பார்கள். காற்றே இல்லாத இடத்தில் விரிசல் நகர மனமில்லாமல் கிடக்கும். வெறும் காற்றில் அதைவிட வேகம். உப்புத் தண்ணீரில் ஓட்டம்தான்.

ஒரு வருடம் ஜூன் மாதத்தில் அவர்களின் அளவுகள் எல்லாம் தாறுமாறாக வந்தன. அதே அலுமினியம், அதே இழுப்பு, விரிசல் மட்டும் மே மாதத்தைவிட வேகமாகப் போனது. விஞ்ஞானி சுஜா மேடம் இயந்திரத்தைச் சந்தேகித்தார், பிறகு கனகதாசின் கண்ணைச் சந்தேகித்தார். “மேடம், மழ தொடங்கியாச்சு. அதாக்கும் காரியம்” என்று இவர் சொன்னாராம். ஐ.டி.ஐ. படித்தவன் சொல்வதா என்று யாரும் முதலில் காதில் வாங்கவில்லை. பிறகு அறையில் ஈரப்பதமானி வைத்துப் பார்த்தார்கள். அவர் சொன்னதே சரி. புதிதாகத் திறந்த உலோகத்தின் முகத்தில் காற்றின் ஈரம் போய் ஒட்டுகிறது, விரிசல் மறுபடி மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. அதைப் பற்றி மேடம் எழுதிய கட்டுரையின் கடைசி வரியில் இவருக்கு நன்றி இருந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை. ரயிலில் எனக்கு அதைக் காட்டிவிட்டு, “பேரு பெசகிப்போச்சு. சாரமில்ல, நாந்தான்னு எனக்குத் தெரியுமே” என்றார்.

அவர் மனைவி சுகுமாரி பாறசாலைக்குப் பக்கத்தில் காரோடு என்ற ஊரில் அங்கன்வாடி டீச்சர். வீட்டிலிருந்து நூறு அடி தள்ளித்தான் அங்கன்வாடி. சபையின் பெண்கள் சங்கத்தில் செயலாளர், பாடகர் குழுவில் முதல் வரிசை, ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்குச் சளி என்றாலும் முதலில் தெரிவது அவருக்கு. கனகதாஸ் பத்து வார்த்தை பேசும் இடத்தில் அவர் நூறு பேசுவார். ஒரே மகள் ஜிஜா மஸ்கட்டில் நர்ஸ்.

கனகதாஸ் ஓய்வு பெற்ற மறு வருடம், இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூனில், சுகுமாரி டீச்சர் பிள்ளைகளுக்கான முட்டைத் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அங்கன்வாடிப் படியில் ஏறும்போது வழுக்கி விழுந்தார். முட்டையைக் காப்பாற்றப் பார்த்ததில் கையை ஊன்றவில்லை. வலது தொடை எலும்பு நடுவில் முறிந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து, ஸ்டீல் தகடு ஒன்றை எட்டு ஸ்குருவால் முடுக்கினார்கள்.

நான் பார்க்கப் போனபோது கனகதாஸ் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் படுத்துக்கொண்டே முட்டைக் கதையைச் சிரிப்பாகச் சொன்னார். முப்பது முட்டையில் நான்கு பிழைத்ததாம்.

“என்ன தாசே, எல்லாம் செரியாட்டு இருக்கா?”

“நல்ல வேலயாக்கும் சாரே. டாக்டருக்குக் கைவிருது உண்டு, நல்ல கைத்தெறம.” தகட்டின் நடுவில் ஸ்குரு இல்லாத ஒரு துளையை விரலால் தொட்டார். சரியாக முறிவுக்கு எதிரே இருந்தது அது. “இந்த எடம் மட்டும்தான்” என்றவர் மனைவியைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேயைக் கவருக்குள் போட்டார்.

மூன்று மாதம் காலை ஊன்றாமல் இருக்கச் சொன்னார்கள். இருந்தார். பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். அக்டோபரில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவின் கோடு அப்படியே கறுப்பாக இருந்தது. எலும்பு கூடவில்லை. டீச்சருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை.

அன்றிலிருந்துதான் கனகதாஸ் மாறிப்போனார். எலும்பு கூடினால் பாரத்தை எலும்பு எடுத்துக்கொள்ளும், தகடு சும்மா இருக்கும். கூடாதவரை ஒவ்வோர் அடியின் பாரமும் தகட்டில்தான். ஓர் அடி வைத்தால் தகடு கொஞ்சம் வளையும், காலைத் தூக்கினால் நிமிரும். இதை அவர் முப்பது வருடம் இயந்திரத்தில் பார்த்திருக்கிறார்.

ஒரு நாள் பாறசாலைச் சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“சாரே, ஒடம்புக்குள்ள என்ன இருக்கு? உப்புத் தண்ணி. அதுவும் இளஞ்சூட்டில. நாங்க லேபில உப்புத் தண்ணி கலக்கி வச்சு முறிச்சோமே, அதே காரியம் இவளுக்க தொடைக்குள்ள நடக்குது. எனக்குத் தெரியுது. ஆனா பாக்க வழியில்ல.”

“எக்ஸ்ரேயில தெரியாதா?”

“முறிஞ்ச பொறவு தெரியும்.”

டாக்டர் அனந்தகிருஷ்ணன் முப்பத்தைந்து வயதுக்காரர், பொறுமையானவர். கனகதாஸ் பேப்பரில் தகட்டை வரைந்து, துளையை வரைந்து, விரிசல் எங்கே தொடங்கும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியதை முழுதாகக் கேட்டார். இதைக் கனகதாசே என்னிடம் சொன்னார்.

“அங்கிள் சொல்லுறது ஒக்க சரியாணு” என்றாராம் டாக்டர். மலையாளி, எலும்பை எல்லு என்பார். “எல்லுக்கும் பிளேட்டுக்கும் ஒரு ஓட்டப் பந்தயம். எல்லு முந்தினா நாம ஜெயிச்சோம்.”

“அப்பம் நடக்காம இருந்தா பிளேட்டு தாங்கும் இல்லியா?”

“தாங்கும். ஆனா எடை கொடுக்காட்டி எல்லு கூடாது அங்கிள். எல்லுக்கும் அந்த அசைவு வேணும்.”

“எம்பிடு அசைவு?”

டாக்டர் கைகளை விரித்தார். “அது யாருக்கும் அளந்து சொல்ல முடியாது.”

இன்னொரு அறுவை செய்து இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து, தகட்டையும் மாற்றிவிடலாமே என்று கனகதாஸ் கேட்டார். டாக்டருக்கும் அதே எண்ணம்தான். ஆனால் சர்க்கரை இருநூற்றெண்பதில் நின்றது. இதயப் பரிசோதனையைப் பார்த்த மயக்க மருந்து டாக்டர், இப்போது வேண்டாம், இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று திருப்பி அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது சர்க்கரை இறங்கியிருந்தது, காலில் ஒரு புண் வந்திருந்தது. புண் ஆறட்டும் என்றார்கள்.

நடந்தால் தகடு போகும். நடக்காவிட்டால் எலும்பு கூடாது. இரண்டுக்கும் நடுவில் கனகதாஸ் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். நடையைக் குறைத்தார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் நாற்காலி வந்தது. சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை போனில் வந்தது. ஒரு நாளைக்கு வலது காலுக்கு முந்நூறு அடி, அதற்கு மேல் இல்லை. அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உள்ளே வாக்கர் தட்டும் சத்தத்தைக் காது எண்ணிக்கொண்டிருக்கும்.

ஒரு மாலை நான் போயிருந்தபோது உள்ளேயிருந்து நான்கைந்து தட்டல் கேட்டது. பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, “சுகு, மதி. இண்ணைக்கு நடந்தது மதி” என்றார்.

டீச்சர் வாக்கரோடு கதவு நிலையில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவரிடம் திரும்பினார்.

“நான் என்ன ஒங்க மெஷினில கெட்டின துண்டா?”

கனகதாஸ் எழுந்து நாற்காலியை அவர் பின்னால் நகர்த்திப் போட்டார். டீச்சர் உட்கார்ந்தார். ரோட்டில் அங்கன்வாடி விட்டுப் பிள்ளைகள் போகும் சத்தம் கேட்டது. டீச்சர் கழுத்தை நீட்டி ஜன்னல் வழியே பார்த்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக மினி என்ற பெண் வேலைக்கு வந்திருந்தாள்.

ஜிஜா வாரம் மூன்று முறை வீடியோவில் கூப்பிடுவாள். “அப்பா, அம்மய நடக்க விடுங்க. நான் ஆர்த்தோ வார்டிலதானே நிக்கேன், எனக்குத் தெரியாதா?” என்பாள். “மக்கா, ஒனக்கு எல்லு தெரியும். எனக்கு ஸ்டீல் தெரியும்” என்பார் இவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதனாலேயே பேச்சு அதற்கு மேல் போகாது.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை ஏழு மணி. டீச்சர் பல் தேய்க்க வாஷ்பேசின் முன்னால் நின்றிருந்தார். குழாயைத் திறக்கப் பாதி திரும்பினார், அவ்வளவுதான். அவர் வழுக்கவில்லை, எதிலும் இடிக்கவில்லை. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். முன்னறையிலிருந்த கனகதாசுக்கே அது கேட்டது. லேபில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம், அதற்குப் பிறகு இயந்திரம் தானாக நின்றுவிடும் என்றார் என்னிடம். அவர் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் டீச்சர் தரையில் கிடந்தார். தொடை நடுவில் மடங்கியிருந்தது.

“சத்தம் கேட்டியளா?” என்றுதான் டீச்சர் முதலில் கேட்டாராம்.

“கேட்டேன்.”

கனகதாஸ் போன் செய்து அழைக்க, ஆம்புலன்சில் நானும் போனேன். பாறசாலை தாண்டி அமரவிளைப் பாலத்தில் வண்டி குலுங்கியபோது டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதருகே ஏதோ சொன்னார். அழுதார். கனகதாஸ் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என்ன சொன்னார் என்று பிறகு தெரிந்தது. முந்தைய நாள் கனகதாஸ் மருந்து வாங்க உதியன்குளங்கரைக்குப் போயிருந்த நேரம், டீச்சர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு தனியாக அங்கன்வாடிக்குப் போயிருக்கிறார். அன்று ஆண்டு விழா. பிள்ளைகள் பாடியதைக் கதவருகே நின்று பார்த்துவிட்டு, அவர் வருவதற்குள் திரும்பி வந்து படுத்துக்கொண்டார். போக நூறு அடி தூரம், வர நூறு அடி தூரம்.

“நான் போனதுனாலதான் பிளேட்டு போச்சு. எனக்க கொழுப்பு.” இதையே ஆஸ்பத்திரியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் சொன்னார், மினியிடம் சொன்னார், ஜெபிக்க வந்த போதகரிடமும் சொன்னார்.

இந்த முறை மயக்க மருந்து டாக்டர் தள்ளிப்போடவில்லை. ஆபத்து உண்டு, ஆனால் வேறு வழியில்லை என்று கையெழுத்து வாங்கினார். ஐந்து மணி நேரம் பிடித்தது. உடைந்த தகட்டை எடுத்துவிட்டு, எலும்பின் உள்ளே டைட்டானியம் கம்பி ஒன்றைச் செலுத்தி, இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துணுக்கை முறிவில் அடைத்தார்கள். ஐ.சி.யு.வுக்கு வெளியே கனகதாஸ் சுவரில் சாய்ந்து நின்றார். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

அனந்தகிருஷ்ணன் டாக்டர் வெளியே வந்து, உடைந்த தகட்டை மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பியில் அவர் கையில் கொடுத்தார். கேட்டு வாங்கினாரா, டாக்டரே கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு துண்டு. ஸ்குரு இல்லாத அந்தத் துளையின் வழியாகத்தான் முறிந்திருந்தது.

பத்து நாள் கழித்து, டீச்சர் வார்டுக்கு வந்த பிறகு, அவர் அதை எடுத்துக்கொண்டு பழைய ஆய்வுக்கூடத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். சுஜா மேடத்துக்கு இப்போது தலை நரைத்திருந்தது. ஒன்றும் கேட்காமல் தகட்டைக் கழுவி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்.

திரையில் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கனகதாஸ் காட்டிக் காட்டிச் சொன்னபோது புரிந்தது. முறிந்த முகத்தில் பெரும்பகுதி வழவழப்பாக, சிப்பியின் முதுகு மாதிரி வளையம் வளையமாக இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் குறுகலாக ஒரு பட்டை கரடுமுரடாகப் பிய்ந்திருந்தது. அந்தப் பட்டைதான் புதன்கிழமை காலையில் முறிந்தது. மற்றதெல்லாம் அதற்கு முன்பே போய்விட்ட பகுதி. மேடம் படத்தைப் பெரிதாக்கினார். வளையங்களுக்குள் உழுத வயல் போல நெருக்கமாகக் கோடுகள் தெரிந்தன.

“ஒவ்வொரு கோடும் அவ வச்ச ஒரு அடி” என்றார் கனகதாஸ்.

தேய்ந்து போன இடங்களை விட்டுவிட்டு, கோடுகளின் இடைவெளியை அளந்து மேடம் ஒரு கணக்குச் சொன்னார். ஏறக்குறைய ஐம்பதாயிரம். நாளைக்கு முந்நூறு வீதம் ஐந்து மாதத்துக்கு நாற்பத்தைந்தாயிரம். அப்படியென்றால் அக்டோபரில் அவர் நடையைக் குறைக்கத் தொடங்கியபோதே விரிசல் உள்ளே விழுந்திருக்கிறது. விழுவதற்கு முன் தகடு எத்தனை அடி தாங்கியது என்பதற்குக் கோடு ஏதும் கிடையாது. அதை எந்த நுண்ணோக்கியும் சொல்லாது.

திரும்பும்போது பஸ்ஸில் கனகதாசின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்த மாதிரி இருந்தது. மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுக்க அவரிடம் ஒன்று இருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டீச்சர் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“சுகு, கேளு. நீ அங்கன்வாடிக்குப் போனதுனால இல்ல. மேடம் பாத்தாச்சு, நானும் கண்ணால பாத்தாச்சு. அது அஞ்சு மாசத்துக்கு முன்னாலயே விரிஞ்சு போச்சு. நீ போனாலும் போகாட்டாலும் முறிஞ்சிருக்கும். ஒனக்க தப்பு ஒண்ணும் இல்ல.”

டீச்சர் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். அவர் சொன்னதை யோசித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

“அப்பம் அஞ்சு மாசம் என்னய இருத்தி வச்சது எதுக்கு?”

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கனகதாஸ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடையைக் குறைத்ததால் தகடு சில மாதம் கூடுதலாகத் தாங்கியது என்று சொல்லலாம். அந்த மாதங்களில் எலும்பு கூடியிருந்தால் அது பெரிய விஷயமாக இருந்திருக்கும். கூடவில்லை. கூடாதது சர்க்கரையினாலா, வயதினாலா, நடக்காமல் வைத்ததினாலா? டாக்டரிடம் அவர் இதைத் தனியாகக் கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது அங்கிள், எல்லாம் சேர்ந்ததாகவும் இருக்கலாம் என்பதுதான் கிடைத்த பதில்.

“எனக்குத் தெரியல சுகு” என்றார் கடைசியில்.

டீச்சர் கிண்ணத்தை நீட்டினார். “இது ஆறிப்போச்சு. கொஞ்சம் சூடாக்கிக் கொண்டு வாருங்க.” அவர் கிண்ணத்தோடு வராந்தாவுக்குப் போனார். அவர் போன பிறகு டீச்சர் என்னிடம், “சாரே, நான் அத கேக்காம இருந்திருக்கலாம் இல்லியா?” என்றார்.

அதன்பின் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. டீச்சரின் வலது கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. அந்தக் கால் செருப்பின் அடியில் தடித்த ரப்பர் வைத்துத் தைத்துப் போட்டுக்கொள்கிறார். எலும்பு ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகப் பாலம் கட்டியிருக்கிறது. மறுபக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே. ஒவ்வொரு முறையும் அனந்தகிருஷ்ணன் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “நோக்காம்” என்கிறார். பார்ப்போம் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. அங்கன்வாடி வேலைக்கு டீச்சர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் இஷ்டத்துக்கு நடக்கிறார். கனகதாஸ் தடுப்பதில்லை. நடக்கவும் சொல்வதில்லை.

டைட்டானியம் கம்பியைப் பற்றி அவரிடம் ஒரு தடவை கேட்டேன். ஸ்டீலைவிட உப்பைத் தாங்கும் என்றார். எத்தனை நாளைக்கு என்றேன். “அதுவும் உலோகம்தானே சாரே” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றி, என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார்.

போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் இருவரையும் பார்த்தேன். டீச்சர் ஊன்றுகோலோடு முன்னால் போக, அவர் எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரடி பின்னால் வந்தார். அவருடைய ஒரு கை டீச்சரின் முதுகுக்குப் பின்னால் நீண்டிருந்தது, தொடவில்லை.

“இந்த தடவ என்ன சொன்னாரு?”

“எல்லு கொஞ்சம் கூடியிருக்குன்னு அவருக்குத் தோணுதாம். எனக்குப் போன தடவ மாதிரிதான் தோணிச்சு” என்றார். “ரெண்டு படத்தயும் வீட்டில வச்சுப் பாக்கணும்.”

அதற்குள் டீச்சர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, நல்ல காலை உள்ளே இழுத்துவிட்டு, மற்றக் காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“வாறியளா, இல்ல நான் போவட்டா?” என்று கூப்பிட்டார். கனகதாஸ் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய் ஏறிக்கொண்டார். ஆட்டோ திரும்பிப் பாறசாலை ரோட்டில் ஏறியது. அங்கே குழி அதிகம். மெதுவாக ஓட்டச் சொல்லி அவர் டிரைவரின் தோளைத் தட்டுவது தெரிந்தது.